ஸ்காஜிட் மலையில் ஒரு பூந்தோட்டம்

அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சின்னக் காந்தத்தின் பிடியில் அந்தக் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. விமானக் களைப்பில் மோர் தேடிப் போன நான், கதவைத் திறக்குமுன் அதைப் படித்துவிட்டேன். பத்திரிகைக்காரியின் கெட்ட பழக்கம். அச்சிட்ட காகிதம் எதுவானாலும் படித்துவிட வேண்டும். கரண்ட் பில்தான். ஆனால் மேலே போட்டிருந்த பெயர் என்னை நிறுத்திற்று. 'ஸியாட்டில் ஸிட்டி லைட்!' நகர விளக்கு என்றல்லவா அர்த்தம்? மின்சாரக் கம்பெனிக்கு இவ்வளவு அழகான பெயரா?

"கம்பெனி இல்லைடி, நகரசபை" என்றாள் அக்கா, தாளிக்கிற கரண்டியைக் கீழே வைக்காமலே. "இந்த ஊரிலே தண்ணீர்க் குழாய் மாதிரி விளக்கும் ஊருக்கே சொந்தம். ஏரிக்கு அக்கரையில் பெல்வ்யூவில் என் சிநேகிதி இருக்கிறாளே, அவள் தனியார் கம்பெனிக்குக் கட்டுகிறாள். ஒரே ஏரி, ஒரே மழை, பில் மட்டும் வேறே."

"யார் செய்த ஏற்பாடு இது?"

"யாரோ ராஸ் என்று ஒருவராம். அவருடைய சமாதி மலைமேலே இருக்கிறதாம். பக்கத்திலே அருவியும் பூந்தோட்டமும் இருக்கிறதாம். ராத்திரியில் கலர் கலராய் விளக்குப் போடுவார்களாம். பன்னிரண்டு வருஷமாய் இங்கே இருக்கிறேன், நான் போனதில்லை."

மின்சார இலாகாவில் உத்தியோகம் பார்த்த ஒருவருக்கு மலையில் சமாதி! பக்கத்தில் பூந்தோட்டம்! இதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு எந்த இடத்தையும் பார்க்க மனம் வரவில்லை. "ஊசிக் கோபுரம், மீன் மார்க்கெட் எல்லாம் அப்புறம். முதலில் அந்த மலைக்குப் போவோம்" என்றேன். அத்திம்பேர், "அமெரிக்காவுக்கு வந்து கரண்ட் ஆபீஸ் பார்க்கப் போகிறவள் நீ ஒருத்திதான்" என்று சொல்லிச் சிரித்தார். ஆனாலும் சனிக்கிழமை அதிகாலையில் காரை எடுத்தவரும் அவர்தான்.

*

ஸியாட்டிலிலிருந்து சுமார் 120 மைல். அக்கா புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி எடுத்துக்கொண்டாள். அவளுடைய பத்து வயதுப் பையன் பின் ஸீட்டில் எனக்குத் துணை.

வடக்கே நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு கார் கிழக்கே திரும்பியது. திரும்பியதுமே காட்சி மாறிப்போயிற்று. வயல்கள் குறுகின, மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. வழியில் ஒரு ஊருக்குக் 'கான்க்ரீட்' என்று பெயர்! முன்னே அங்கே சிமெண்டுத் தொழிற்சாலை இருந்ததாம். சாலையோரம் உயரமான சிமெண்டுக் குதிர்கள் இன்னும் நிற்கின்றன. நெல்லுக்குக் குதிர் பார்த்திருக்கிறோம். சிமெண்டுக்கும் குதிர் உண்டு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நம்மோடு கூடவே வருகிறது ஸ்காஜிட் நதி. பச்சைப் பசேலென்று, கரையோரம் பாசி படர்ந்த மரங்களுக்கு நடுவே, அவசரமில்லாமல் ஓடுகிறது. இந்த நதியைத்தான் ராஸ் ஸியாட்டிலுக்குக் கொண்டுபோனார், கம்பியின் வழியாக.

வழிநெடுக அத்திம்பேருக்கு அவர் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு நாளாக நகர நூல்நிலையத்தில் உட்கார்ந்து படித்தது வீணாகலாமா?

முழுப் பெயர் ஜேம்ஸ் டெல்மேஜ் ராஸ். எல்லோரும் ஜே. டி. ராஸ் என்றே அழைத்தார்கள். 1872-ல் கனடாவில் சாத்தம் என்ற ஊரில் பிறந்தவர். என்ஜினீயர் பட்டம் கிடையாது. மின்சாரத்தைத் தாமே புத்தகம் பார்த்துப் படித்தார், தாமே சோதனை செய்து பார்த்தார், அவ்வளவுதான். 1898-ல் க்ளாண்டைக் பக்கம் தங்கம் கிடைக்கிறதென்று ஊர் உலகமெல்லாம் ஓடியபோது இவரும் ஓடினார். தங்கம் கைக்கு வரவில்லை. அங்கிருந்து தெற்கே இறங்கி ஸியாட்டிலுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த நகரம் அப்போதுதான் சூடுபட்ட பூனையாக இருந்தது. 1889 ஜூன் மாதம் ஒரு தச்சுப் பட்டறையில் பசை காய்ச்சிய சட்டியிலிருந்து நெருப்புப் பிடித்துக் கடைத்தெரு முழுவதையும் எரித்துவிட்டது. தண்ணீர் விநியோகம் தனியார் கையில் இருந்தது. அணைக்கப் போனால் குழாயில் வேகம் இல்லை. ஜனங்களுக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா? அடுத்த மாதமே வோட்டுப் போட்டு, 'தண்ணீர் இனிமேல் ஊருக்குச் சொந்தம்' என்று முடிவு செய்துவிட்டார்கள். தண்ணீர் சொந்தமானால் விளக்கு ஏன் சொந்தமாகக் கூடாது? 1902-ல் அதற்கும் வோட்டு. 5,90,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஜனங்கள் சம்மதம் கொடுத்தார்கள். ஸீடார் நதியில் ஒரு நீர்மின் நிலையம் கட்ட வேண்டும். யார் கட்டுவது? நகரத்தின் தலைமை என்ஜினீயர் ஆர். எச். தாம்ஸன், பட்டமில்லாத ராஸை நம்பி அந்த வேலையில் சேர்த்தார். 1905-ல் ஸியாட்டில் தெருக்களில் ஊருக்குச் சொந்தமான விளக்கு எரிந்தது.

தனியார் கம்பெனி சும்மா இருக்குமா? பாஸ்டன் நகரத்து முதலாளிகளின் நிர்வாகத்தில் இருந்த கம்பெனி அது. நகரசபை விலையைக் குறைத்தது. அதனால் அதுவும் குறைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒரே தெருவில் இரண்டு கம்பி, இரண்டு கம்பம்! இந்த வீட்டுக்கு நகரசபை விளக்கு, அடுத்த வீட்டுக்குக் கம்பெனி விளக்கு. பிடிக்காவிட்டால் வீட்டுக்காரர்கள் மாற்றிக்கொள்ளலாம். இப்படி ஏறக்குறைய 46 வருஷம் நடந்தது. எதிர் வீட்டு மாமியும் நம் வீட்டு மாமியும் கம்பத்தை வைத்து எவ்வளவு சண்டை போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

"அப்படியானால் நம் சிநேகிதியின் கம்பெனி?" என்றாள் அக்கா.

"அந்தக் கம்பெனியின் பேரன்தான். அக்கரையில் இன்னும் இருக்கிறான்."

*

பகல் பதினொரு மணிக்கு நியூஹேலம் போய்ச் சேர்ந்தோம்.

ஊர் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. ஒரே அச்சில் வார்த்த மாதிரிச் சின்னச் சின்ன வீடுகள், ஒரு கடை, புல்தரை, சுற்றிலும் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற மலை. எல்லாமே நகரசபையின் மின்சார இலாகாவுக்குச் சொந்தம். வசிப்பவர்கள் மின்சார நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள். பெயர் அந்த மண்ணின் பழங்குடியினர் பாஷையிலிருந்து வந்தது. மலையாட்டைப் பிடிக்கப் போடும் கண்ணி என்று பொருள். கடையில் வெண்ணெயும் சாக்லெட்டும் போட்டுக் கிளறிய ஒரு மிட்டாய் பிரசித்தம். நம் ஊர் பால்கோவாவுக்குத் தம்பி என்று சொல்லலாம். பையன் இரண்டு கட்டி வாங்கினான்; ஒன்று நான் தின்றேன்.

சாலையோரத்தில் பழைய நீராவி ரயில் என்ஜின் ஒன்று பளபளவென்று நிற்கிறது. 'பழைய ஆறாம் நம்பர்' என்று பெயர். குழந்தைகள் ஏறி மணியடிக்கிறார்கள். நம் கதைக்கு முக்கியமான சாட்சி இந்த என்ஜின்தான்.

ராஸ் 1911-ல் மின்சார இலாகாவுக்குத் தலைவரானார். ஆனதே ஒரு கதை. அந்த வருஷம் ஸியாட்டில் ஜனங்கள் தங்கள் மேயரை நடுவிலேயே வோட்டுப் போட்டு இறக்கிவிட்டார்கள். வாஷிங்டன் ராஜ்யத்துப் பெண்களுக்கு அதற்கு முந்தின வருஷம்தான் வோட்டுரிமை கிடைத்திருந்தது. கையில் புதிதாய்க் கிடைத்த துடைப்பத்தை அவர்கள் உடனே உபயோகித்துவிட்டார்கள்! புது மேயர் வந்தார். ராஸ் இலாகாத் தலைவரானார். ஊர் வளர்ந்துகொண்டே போயிற்று. ஸீடார் நதி போதவில்லை. அங்கே 1914-ல் கட்டிய புது அணையும் காலை வாரிவிட்டது. பக்கத்து மண் சல்லடை மாதிரி நீரைக் கசியவிட்டது. 1915-ல் மோங்க்டன் என்ற சிற்றூர் மெல்ல மெல்லத் தண்ணீரில் மூழ்கிற்று. 1918 டிசம்பரில் கரை உடைத்துக்கொண்டு எட்ஜ்விக் என்ற இன்னொரு சிற்றூரை அடித்துக்கொண்டு போயிற்று. ராஸைப் புகழ்கிறவர்கள் இதை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வீடு இழந்தவர்கள் அப்படித் தாண்டியிருக்க மாட்டார்கள்.

ராஸின் கண் ஸ்காஜிட் நதிமேல் விழுந்தது. இந்த நதிக்கு அனுமதி வாங்கத் தனியார் கம்பெனியும் முயன்றது. கடைசியில் 1917-ல் மத்திய சர்க்கார் அதை நகரசபைக்குக் கொடுத்தது. நதியோ நகரத்துக்கு நூறு மைலுக்கு அப்பால், சாலையே இல்லாத மலையிடுக்கில். ரயில் பாதை போட்டார்கள். மரம் வெட்டினார்கள், பாறை குடைந்தார்கள். செலவு மதிப்பீட்டைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. 1924 செப்டம்பரில் ஜனாதிபதி கூலிட்ஜ், வெள்ளை மாளிகையில் உட்கார்ந்தபடியே ஒரு தங்கச் சாவியை அழுத்த, மூவாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் 'கார்ஜ்' மின்நிலையம் சுழல ஆரம்பித்தது.

அதோடு முடியவில்லை. மேலே டயாப்லோ அணை. 389 அடி, 1930-ல் கட்டி முடிந்தபோது உலகத்திலேயே அதுதான் உயரம். ஆனால் அப்போது உலகமெங்கும் பணமுடை. அணை நின்றது, மின்சாரம் வரவில்லை. அதிலிருந்து விளக்கு எரிய 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை, 'இதோ பார், ராஸின் வெள்ளை யானை' என்று ஏசுவதற்கு எதிரிகளுக்கு நல்ல வசதி.

இத்தனைக்கும் நகரத்து வீட்டுக்காரர்களிடம்தான் கடனுக்குச் சம்மதம் கேட்க வேண்டும். காணாத நதிக்கு, போகாத மலைக்கு, யார் கடன் கொடுக்கச் சொல்லி வோட்டுப் போடுவார்கள்? ராஸ் ஒரு வேலை செய்தார். 1928-லிருந்து ஜனங்களையே மலைக்கு அழைத்துவந்தார்!

அந்த ஆறாம் நம்பர் மாதிரி என்ஜின்கள் இழுத்த ரயிலில், ராக்போர்ட் என்ற இடத்திலிருந்து வருவார்கள். இந்த நியூஹேலத்தில் இறக்கி, விடுதியில் தங்கவைத்து, பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் வேண்டிய மட்டும் பரிமாறுவார்கள். கோழிக்கறிச் சாப்பாடு பிற்காலத்தில் வெகு பிரசித்தமாகிவிட்டது. (அக்கா முகம் சுளித்தாள்.) மறுநாள் மலைச்சரிவில் ஏறும் சாய்வு ரயிலில் ஏற்றி, மேலே டயாப்லோ ஏரியில் படகு சவாரி. படகுக்குத் தம் மனைவி 'ஆலிஸ் ராஸ்' பெயரை வைத்தார். ஏரித் தீவில் குரங்குகள்கூட விட்டிருந்தார். பனிமலையில் குரங்கு! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஆசிரியைகள், தையல்காரர்கள், கடை குமாஸ்தாக்கள், குழந்தை குட்டிகளோடு தாய்மார்கள்.

*

பூந்தோட்டத்துக்குப் போக மின்நிலையத்தை ஒட்டி நதிமேல் ஒரு தொங்கு பாலம். ஆடுகிறது. அக்கா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் அத்திம்பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். மின்நிலையம் வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. உள்ளேயிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் ஓங்காரம். காதால் கேட்பதைவிடக் காலால்தான் அதிகம் தெரிகிறது.

பின்புறம் லாடர் க்ரீக் என்ற ஓடை பாறைக்குப் பாறை தாவிக்கொண்டு விழுகிறது. ஏணி ஓடை என்றே பெயர், பொருத்தம்தான். இங்கேதான் ராஸும் ஆலிஸும் தோட்டம் போட்டார்கள். கருங்கல் படிகள், சின்னச் சின்னக் குளங்கள், பாறை இடுக்கில் பெரணி, பூச்செடிகள். உஷ்ண தேசத்துச் செடிகளைக்கூடக் கொண்டுவந்து, குளிர்காலத்துக்குக் கண்ணாடி வீட்டில் காப்பாற்றினாராம். இரவில் அருவிமேல் வண்ண விளக்கு. மரங்களுக்கு நடுவே மறைத்துவைத்த ஒலிபெருக்கியிலிருந்து சங்கீதம். சாப்பிட்டு முடித்த விருந்தாளிகள் இருட்டில் இந்தப் பாலத்தைத் தாண்டி வருவார்கள். அடுத்த கணம் காடே நிறம் மாறும்!

ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரை டப்பாவைத் திறந்தோம்.

"இதெல்லாம் யார் பணத்தில்?" என்று கேட்டாள் அக்கா. வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் அல்லவா?

"ஊர்ப் பணம்தான்."

"கரண்ட் இலாகாவுக்கு எதற்குக் குரங்கும் குளமும்?"

அவருடைய எதிரிகளும் இதையேதான் கேட்டார்கள். இலாகா வேறு, தாம் வேறு என்று ராஸ் நினைக்கவேயில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அது நல்லதா கெட்டதா என்று சொல்வது கடினம். குரங்குகளுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் இந்தத் தோட்டத்தை வெறும் ஆடம்பரம் என்றும் சொல்ல மனம் வரவில்லை. நம் வீட்டு விளக்கு எங்கிருந்து வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? ஸியாட்டிலில் ஒரு தலைமுறை பார்த்தது. அதுவும் விருந்தாளியாக அல்ல, சொந்தக்காரராக வந்து பார்த்தது. நகரத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. இலாகாவே கடை வைத்து மின்சார அடுப்பு விற்றது. விறகும் கரியும் பிடித்துத் தள்ளிய சமையலறைகளில் அடுப்புக் கரி போயிற்று. மின்சாரம் தாராளமாக இருக்கிறது, விலையும் குறைவு, சமைத்துப் பாருங்கள் என்று சொல்ல அவருக்கு வெட்கமில்லை.

அந்தத் தோட்டம் காய்த்ததா என்று 1931-ல் தெரிந்தது.

அந்த வருஷம் மார்ச் மாதம் மேயர் ஃப்ராங்க் எட்வர்ட்ஸ், ராஸை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். திறமையில்லை, ஊதாரித்தனம், அரசியலில் தலையிடுகிறார் என்று குற்றச்சாட்டு. இருபது வருஷம் இலாகாத் தலைவராக இருந்தவர் மாலைக்குள் வெறும் மனிதர். ஊர் கொதித்தது. மேயரை இறக்க வேண்டுமென்றால் முதலில் வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும், பிறகு தேர்தல். பணமுடைக் காலம், பல வீடுகளில் அடுப்பெரிவதே சிரமம். ஆனாலும் கையெழுத்துச் சேர்ந்தது. ஜூலை 13-ம் தேதி தேர்தல். நூற்றுக்கு அறுபது பேருக்குமேல் மேயர் போகட்டும் என்று போட்டார்கள்! அவர் இடத்துக்கு வந்தவர் ராஸை மறுபடியும் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். ஒரு மேயர் இறங்கியதில் நாற்காலிக்கு வந்தவர், இன்னொரு மேயர் இறங்கியதில் நாற்காலிக்குத் திரும்பினார்.

இவ்வளவும் ஒரு நடிகருக்காக அல்ல, தேசத் தலைவருக்காக அல்ல. கரண்ட் ஆபீஸ் சூபரின்டெண்டென்ட் ஒருவருக்காக! அத்திம்பேர் புளியோதரைக் கையோடு, "எங்கள் ஆபீஸில் என்னை நீக்கினால் அக்காகூடக் கையெழுத்துப் போடமாட்டாள்" என்றார்.

*

பிற்பகலில் இன்னும் மேலே போனோம். சாலை குகைகளுக்குள் நுழைந்து வெளிவருகிறது. டயாப்லோ ஏரியை மேலேயிருந்து பார்க்க ஓர் இடம் கட்டியிருக்கிறார்கள். அந்த நிறத்தை எப்படிச் சொல்வது? மயில் கழுத்தில் கொஞ்சம் பாலை ஊற்றிக் கலந்த மாதிரி. பனிப்பாறைகள் நகரும்போது மலையை அரைக்கின்றன. அந்த மாவு நீரில் மிதப்பதால் இந்த நிறமாம். இந்தச் சாலை 1972-ல்தான் மலையைக் கடந்து திறந்தது. அதுவரை இந்த மயில்கழுத்தைப் பார்க்க வேண்டுமானால் மின்சார இலாகாவின் விருந்தாளியாக வந்தால்தான் முடியும். அல்லது மூட்டையைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

இன்னும் சிறிது தூரத்தில் ராஸ் அணை. 540 அடி. 1937-ல் ஆரம்பித்து 1949-ல் முடித்தார்கள். அணையின் முகம் வழவழப்பாக இல்லை. கட்டம் கட்டமாக, பலாச்சுளை எடுத்த மாதிரி குழிகுழியாக இருக்கிறது. பின்னால் இன்னும் உயர்த்த வேண்டும், புதுக் கான்க்ரீட் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அப்படி விட்டார்கள். உயர்த்தினால் கனடாவின் பள்ளத்தாக்கு இன்னும் மூழ்கும். அங்கே ஜனங்கள் எதிர்த்தார்கள். வருஷக்கணக்காக வழக்கும் பேச்சும் நடந்து, 1984-ல் இரண்டு தேசங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அணை உயராது, அதற்கு ஈடான மின்சாரத்தைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 80 வருஷத்துக்குக் கொடுக்கும். அந்தக் குழிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

இந்த அணைக்குத் தம் பெயர் வைத்ததை ராஸ் பார்க்கவில்லை. அவருடைய கடைசி வருஷங்கள் மலைக்கு வெளியே போய்விட்டன. 1935-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் கமிஷனில் அவரை அங்கத்தினராக்கினார். 1937-ல், கொலம்பியா நதியில் மத்திய சர்க்கார் கட்டிய பான்வில் அணையின் மின்சாரத்தை விற்கும் ஸ்தாபனத்துக்கு முதல் தலைவராக்கினார். ஒரு நகரத்துக்குச் செய்ததை இப்போது பல ஊர்களுக்குச் செய்ய வேண்டிய வேலை. ராஸ் என்ன செய்தார் தெரியுமா? அணைக்குப் பக்கத்தில் உள்ளவனுக்கு ஒரு விலை, தூரத்தில் உள்ளவனுக்கு ஒரு விலை என்ற பேச்சே கூடாது என்றார். தபால் ஸ்டாம்பு மாதிரி எங்கேயும் ஒரே விலை: ஒரு கிலோவாட்டுக்கு வருஷத்துக்கு 17.50 டாலர். பக்கத்துத் தெருவுக்குக் கடிதம் போட்டாலும், தேசத்தின் மறுகோடிக்குப் போட்டாலும் ஸ்டாம்பு ஒன்றுதானே? சட்டப்படி, ஊராட்சிகளும் ஜனங்களின் கூட்டுறவுச் சங்கங்களும்தான் முதலில் கேட்கலாம். 1938-ல் முதல் மின்சாரம் போனது காஸ்கேட் லாக்ஸ் என்ற சின்னஞ்சிறு ஊரின் நகரசபைக்கு. கைப்பணம் இல்லாத ஊர்களுக்கெல்லாம், எப்படிக் கடன் பத்திரம் போடுவது, தனியார் கம்பெனியை எப்படி வாங்குவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டு அலைந்தார்.

இங்கே ஒரு சின்னக் கதை சொல்லாமல் போக மனமில்லை. பக்கத்து நகரமான டகோமாவிலும் மின்சாரம் நகரசபையுடையதுதான். 1929-ல் மழை பொய்த்து, அணையில் தண்ணீர் வற்றிவிட்டது. விளக்கு அணையும் நிலைமை. கடற்படையின் 'லெக்ஸிங்டன்' என்ற விமானம் தாங்கிக் கப்பல் துறைமுகத்துக்கு வந்து நின்று, தன் என்ஜினிலிருந்து ஒரு மாத காலம் ஊருக்கு மின்சாரம் கொடுத்தது! ஆற்றை நம்பியவர்களுக்கு ஆகாயம் பார்க்கிற கவலையும் உண்டு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதா?

1939 மார்ச் மாதம் ராஸ் காலமானார். வயது 66. ஸியாட்டிலில் இரண்டு கம்பமும் இன்னும் நின்றுகொண்டிருந்தன. கம்பெனியின் பங்கை நகரசபை வாங்கிவிடுவதா வேண்டாமா என்று 1950-ல் வோட்டெடுத்தபோது 754 வோட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்தது. மேயரையே இறக்கிய ஊர்தான். ஆனால் அந்த 754 பேர் வேறு மாதிரி நினைத்திருந்தால் அக்காவின் ஃப்ரிட்ஜில் வேறு காகிதம் தொங்கியிருக்கும்.

*

சாயங்காலம் மறுபடி நியூஹேலத்துக்கு இறங்கினோம். சமாதி சாலையோரத்திலேயே இருக்கிறது. மலையின் அடிப்பாறையில் குடைந்தது. தெரியாதவர்கள் கவனிக்காமல் காரில் போய்விடுவார்கள். ராஸும் ஆலிஸும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். எதிரே நதி. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பையன்தான் கேட்டான்: "சித்தி, ஆற்றிலே மீன் ஏன் மேலே போகவில்லை?"

வழியில் ஒரு பலகையில் ஸால்மன் மீனைப் பற்றிப் படித்திருந்தான். நல்ல கேள்வி. கடலிலிருந்து ஏறிவந்து முட்டையிடும் மீன்கள் அவை. இந்த நதியோடு ஆயிரக்கணக்கான வருஷம் வாழ்ந்த பழங்குடி ஜனங்களுக்கு அந்த மீன் வெறும் ஆகாரமல்ல. அணை கட்டியபோது அவர்களிடம் யாரும் வோட்டுக் கேட்கவில்லை. ஊர் ஜனங்கள் ரயிலேறி வந்து ஏரியைப் பார்த்துக் கைதட்டியபோது, இவர்கள் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்? ஸாக்-ஸூயாட்டில் பழங்குடியினர் 2021-ல் நகரசபைமேல் வழக்குப் போட்டார்கள்: அணை மீனுக்கு வழி விடவில்லை என்று. 2023-ல், மீனுக்கு வழி அமைப்பதென்று நகரசபை ஒப்புக்கொண்டது. ராஸ் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? தெரியாது. சமாதியைக் கேட்டுப் பயனில்லை. பையனுக்கு நான் சொன்ன பதில், "அணை குறுக்கே இருக்கிறது. இனிமேல் வழி விடப்போகிறார்களாம்" என்பதுதான். "சீக்கிரம் விடச் சொல்லு" என்றான்.

இருட்டிய பிறகு தொங்கு பாலத்தை மறுபடியும் தாண்டினோம். இந்தத் தடவை அக்கா யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். முதலில் அருவி நீலமாகத்தான் இருந்தது. கண் இமைப்பதற்குள் குங்குமப் பூ நிறம். பிறகு பச்சை. பாறைக்குப் பின்னால் எங்கேயோ ஒளித்துவைத்த விளக்கு. நீர்த்துளிகள் மட்டும் தாமாகவே நிறம் மாறுவது போல் ஒரு மயக்கம். கொஞ்சம் கோயில் தேர் மாதிரி; கொஞ்சம் பொருட்காட்சி மாதிரி. 'இதைவிட அடக்கமாகச் செய்திருக்கலாம்' என்று கல்லூரியில் படித்த என் புத்தி சொல்லிற்று. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வாய் சற்றே திறந்திருந்தது. பில்லைப் பற்றி அவள் நினைக்கவில்லை.

நாங்கள் மட்டுமல்ல. இன்னும் ஏழெட்டுப் பேர் படிகளில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கிழவி, கம்பளிக் குல்லாய் போட்ட இரண்டு குழந்தைகள், கையைப் பிடித்துக்கொண்ட ஒரு ஜோடி. ஒருவரும் பேசவில்லை. நீர் விழும் சத்தமும், காலடியில் அந்த மின்நிலையத்தின் ஓங்காரமும்தான்.

மழை தூற ஆரம்பித்தது. படியிறங்கிப் பாலத்துக்கு வந்துவிட்டோம். அப்போதுதான் அக்கா, "ஐயோ, தயிர்சாத டப்பாவைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டேனே!" என்றாள். பையன் திரும்பி ஓடினான். அத்திம்பேர் டார்ச்சை எடுக்கப் பையைத் துழாவினார். வேண்டியிருக்கவில்லை. அந்த வெளிச்சத்தில், அவன் படிமேல் படியாகத் தாவி ஓடுவது வெகு தூரத்துக்குத் தெரிந்தது.